28 மில்லிமீட்டர் படைக்கு ஒரு கருங்கல் மதில்

அக்டோபர் 5, 2025, ஞாயிறு

1750 செப்டம்பரில் தளபதி புஸ்ஸி முன்னின்று நடத்திய தாக்குதலில் பிரெஞ்சுப் படை செஞ்சிக் கோட்டையை ஓரிரவில் பிடித்தது. அதைச் சிறு பொம்மைப் படைகளை வைத்து மேசைமேல் போர் விளையாட்டாக ஆடிப் பார்க்க வேண்டுமென்று நானும் நண்பர் ஒருவரும் பேசத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. பிரெஞ்சுக் காலாட்படையும் சிப்பாய்களும் வண்ணம் பூசப்பட்டு அலமாரியில் அணிவகுத்து நிற்கின்றனர். அவர்கள் ஏறுவதற்கு மதில்தான் இல்லை. இதுவரை புத்தகங்களை அடுக்கி, அதுதான் மதில் என்று வைத்துக்கொண்டோம். கடந்த ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டு யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் அதில் இடம்பெற்ற செய்தியைப் படித்த அன்றுதான் இனியும் தள்ளிப்போடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

இன்று கணக்கு மட்டும் போட்டேன். 28 மி.மீ. உருவங்களுக்கு ஏறத்தாழ 1:56 என்ற அளவு பொருந்தும். அதன்படி ஒரு மீட்டர் 18 மி.மீ. ஆகிறது, ஆறு மீட்டர் மதில் 108 மி.மீ. உயரம் வருகிறது. செஞ்சியில் இதைவிட உயர்ந்த மதில்கள் உண்டு என்றாலும், எதிரே அமர்ந்திருப்பவர் தம் படையைப் பார்க்கவும் கைநீட்டி நகர்த்தவும் வேண்டியிருப்பதால் அதற்குமேல் போகவில்லை. உருவங்களின் அடித்தட்டு 25 மி.மீ. அகலம், ஆகவே மதிலின் மேல்நடை 30 மி.மீ.க்குக் குறையக் கூடாது. தலா 30 செ.மீ. நீளத்தில் நான்கு துண்டுகள், ஒரு மூலைத் துண்டு. வாயிலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அக்டோபர் 7, செவ்வாய்

கடையில் ஃபோம் ஷீட் கேட்டால் தெர்மாகோலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். இரண்டும் பாலிஸ்டைரின்தான் என்றாலும் தெர்மாகோல் சிறுசிறு மணிகளை ஆவியில் உப்பவைத்து ஒட்டிய பொருள். அதில் கோடு கீறினால் கத்தி மணிகளைப் பிடுங்கி எறிகிறது. எனக்கு வேண்டியது உருக்கிப் பிதுக்கி எடுக்கப்படும் எக்ஸ்.பி.எஸ். பலகை. அதன் நுண்ணறைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நெருக்கமாக இருப்பதால், நகத்தால் கீறினாலும் அந்தக் கோடு அப்படியே நிற்கும். மொட்டைமாடிக்கு வெப்பத் தடுப்புப் போடும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் 50 மி.மீ. தடிமனில் மிச்சப்பட்டுக் கிடந்த இரண்டு பலகைகள் கிடைத்தன. எதற்கு என்று கேட்டார். கோட்டை கட்ட என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

சூட்டுக்கம்பியால் துண்டுகளை அறுத்தாயிற்று. கம்பி சிவக்கும் அளவுக்குச் சூடேறினால் வெட்டு அகன்று, ஓரம் அலையலையாக உருகிவிடும். தொட்டவுடன் வழுக்கிக்கொண்டு போகாமல், மெல்ல அழுத்தினால் நகரும் சூடுதான் சரியானது. உருகும் பாலிஸ்டைரினின் புகை நல்லதல்ல என்பதால் பால்கனியில் அமர்ந்து, மின்விசிறியை முதுகுப்பக்கம் வைத்துக்கொண்டு அறுத்தேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

இன்று முழுநாளும் கல் வெட்டினேன். காலையில் வெட்டிய முதல் துண்டு குளியலறை ஓட்டுச் சுவர் போல வந்தது. கற்களெல்லாம் ஒரே அளவில், கோடுகளெல்லாம் அடிமட்டம் வைத்த நேரில் இருந்தன. அதைத் தூக்கி வைத்துவிட்டு, சென்ற ஆண்டு செஞ்சியில் எடுத்த புகைப்படங்களை ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலையிலிருந்து பிளந்தெடுத்த கல்லை வீணாக்க எந்தக் கல்தச்சருக்கும் மனம் வந்திருக்காது. கல் எந்த உயரத்தில் பிளந்ததோ அந்த உயரத்துக்கு ஏற்ற வரியில் அதை வைத்திருக்கிறார்கள். ஆகவே வரிகளின் உயரம் மாறிக்கொண்டே போகிறது, ஒரே வரியிலும் ஓரிடத்தில் உயரமான கல் வந்துவிட்டால் அடுத்த வரியின் கல்லை அதன் தோளுக்கு ஏற்பச் செதுக்கி உட்கார வைத்திருக்கிறார்கள். பெரிய கற்களுக்கு நடுவே எஞ்சிய சந்துகளில் சில்லுக் கற்கள் செருகப்பட்டிருக்கின்றன. ஆனால் எவ்வளவு ஒழுங்கு குலைந்தாலும் ஒரு விதியை மட்டும் அவர்கள் விடவில்லை: மேல்வரியின் செங்குத்து மூட்டு கீழ்வரியின் மூட்டுக்கு நேர்மேலே வருவதில்லை. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் கை ஓடியது.

வரிகளின் உயரத்தை 8 மி.மீ. முதல் 14 மி.மீ. வரை மாற்றி மாற்றிப் பென்சிலால் லேசாகக் குறித்தேன். அதாவது உண்மையில் ஏறத்தாழ ஒரு முழம் முதல் ஒன்றேமுக்கால் முழம் வரை. முதலில் புதிய கத்தியால் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரே இழுப்பில் கீறி, அந்தக் கீறலுக்குள் மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவை அழுத்தி இழுத்தால், ஃபோம் இரண்டு பக்கமும் வட்டமாக மடிந்து கல்லின் விளிம்பு தேய்ந்தது போல ஆகிறது. கத்தி இல்லாமல் பேனாவால் மட்டும் அழுத்தினால் கோடு பிசிறடிக்கிறது. கத்தியால் மட்டும் விட்டால் வண்ணம் பூசியதும் கோடு மறைந்துபோகிறது. கத்தி முனை கொஞ்சம் மழுங்கினாலும் ஃபோம் கிழிகிறது. ஒரு துண்டுக்கு இரண்டு முறை முனையை ஒடித்தேன்.

மூலைத் துண்டில் அரை நாள் போயிற்று. மூலைக்கல் இரண்டு முகங்களுக்கும் பொதுவான ஒரே கல் என்பதால், ஒரு பக்கத்தில் நீளமாகத் தெரிவது மறுபக்கத்தில் குட்டையாகத் தெரிய வேண்டும், அடுத்த வரியில் அது மாற வேண்டும். கோடுகள் விளிம்பைத் தாண்டி அடுத்த முகத்தில் அதே உயரத்தில் தொடராவிட்டால், சுவரொட்டி ஒட்டிய அட்டைப்பெட்டி போலத்தான் இருக்கும். வாங்கிய மாதிரிகள் சிலவற்றிலும் இந்தக் குறையைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பத்துப் பதினைந்து கற்களுக்கு ஒன்று என்ற கணக்கில், ஒரு விளிம்பில் மட்டும் பல்குச்சி முனையால் ஐந்தாறு குழிகளை வரிசையாகக் குத்தினேன். கல்லைப் பிளக்க ஆப்பு அடித்த துளைகளின் பாதி அவை; நம் ஊர்க் கோயில் மதில்களிலும் குளத்துப் படிகளிலும் யாரும் பார்க்கலாம். இரண்டடி தள்ளி நின்றால் அவை தெரிவதில்லை. இருக்கட்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்

அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி, சுவர்மேல் உருட்டி அழுத்தினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும் என்பது இந்தக் கைத்தொழிலில் எல்லோரும் அறிந்த வழி. வருகிறது; அளவுக்கு மீறியும் வருகிறது. கருங்கல்லின் பரல் ஒன்று 5 மி.மீ. என்று வைத்துக்கொண்டால்கூட நம் அளவில் அது 0.1 மி.மீ.க்கும் கீழே போய்விடும். ஆகவே சுவர் முழுவதும் ஆழமாகக் கொத்திவிட்டது போலத் தெரியும் சொரசொரப்பு கல்லுடையதல்ல, அலுமினியத் தாளுடையது. உருண்டையை ஒரே ஒரு முறை, எடை கொடுக்காமல் ஓட்டினேன். அதைவிட அதிகம் பயன் தந்தது வேறொன்று: ஆங்காங்கே சில கற்களைக் கட்டைவிரலால் ஒரு மில்லிமீட்டர் உள்ளே அழுத்திவிட்டேன். பக்கவாட்டில் விளக்கை வைத்துப் பார்த்தபோது, தட்டையாக இருந்த பலகை அந்தக் கணமே கட்டிய சுவராகிவிட்டது.

அக்டோபர் 19, ஞாயிறு

நாளை தீபாவளி. வீட்டில் முறுக்கு பிழிந்துகொண்டிருக்க, நான் செய்த வேலை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஃபெவிகாலையும் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தையும் சரிபாதி கலந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இரண்டு பூச்சு பூசிவிட்டால் ஃபோமுக்கு ஒரு தோல் கிடைக்கிறது. அதன்பிறகு கை பட்டாலும் நகம் பட்டாலும் எளிதில் காயப்படாது. மூன்று துண்டுகளுக்கு இதை ஒழுங்காகச் செய்தேன். நான்காவதற்கு ஒரு பூச்சோடு நிறுத்திவிட்டு, அவசரத்தில் ஸ்பிரே பிரைமரை அடித்தேன். ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரினைத் தின்றுவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பூச்சு மூடியிருக்கும் என்று நம்பினேன். ஒரு மூட்டுக்குள் தூரிகை எட்டாத இடம் ஒன்று இருந்திருக்கிறது. அந்த ஊசித்துளை வழியாக உள்ளே போன கரைப்பான், கண்ணெதிரே ஐந்து கற்களை உள்ளிருந்து குடைந்து நெல்லிக்காய் அளவுக்குப் பள்ளமாக்கிவிட்டது.

படத்தை அனுப்பினேன். பீரங்கிக் குண்டு பட்ட இடம் என்று சொல்லிவிடலாமே என்றார் நண்பர். சொல்லலாம், ஆனால் கருங்கல் குண்டு பட்டால் உடையும், கூர்மையான சில்லுகளாகச் சிதறும், ஒருபோதும் மெழுகு போல வழியாது. அந்தப் பகுதியைச் சதுரமாக வெட்டியெடுத்து, புதுத் துண்டு ஒன்றை வைத்து ஒட்டி, கோடுகளை மீண்டும் கீறினேன். சூப்பர் குளூவும் ரப்பர் பசையும் இதே வேலையைச் செய்துவிடும் என்பதால் ஒட்டியதும் ஃபெவிகால்தான்.

அக்டோபர் 26, ஞாயிறு

மழை. ஒட்டிய துண்டு மூன்று நாள் கழித்தும் உள்ளே ஈரமாகவே இருந்தது. ஃபோம் காற்றை விடாததால் நடுவில் உள்ள பசை உலர வழியில்லை. குண்டூசிகளைக் குத்தி அப்படியே விட்டிருக்கிறேன். 10 மி.மீ. தடிமனில் அறுத்து வைத்திருந்த, மதிலின் உச்சியில் வரும் மார்புச்சுவருக்கான பட்டைகள் ஒருபக்கப் பூச்சு உலர்ந்து இழுத்ததால் வில்லாக வளைந்துவிட்டன. பின்பக்கமும் அதே கலவையைப் பூசி, புத்தகங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். முன்பு மதிலாக இருந்த அதே புத்தகங்கள்தாம்.

நவம்பர் 2, ஞாயிறு

கருங்கல் என்ற பெயர்தான் நம்மை ஏமாற்றுகிறது. அந்தப் பெயரைக் கேட்டவுடன் கை தானாகக் கறுப்பையும் வெள்ளையையும் கலந்து சாம்பல் நிறம் செய்யப் போய்விடுகிறது. ஆனால் செஞ்சிப் படங்களைக் கணினியில் பெரிதாக்கி ஒவ்வொரு கல்லாகப் பார்த்தால், தூய சாம்பல் நிறக் கல் ஒன்றுகூட இல்லை. வெளிறிய பழுப்பு, இளஞ்சிவப்பு கலந்த மண்நிறம், நிழலில் நீலம் பாய்ந்த சாம்பல், துருப்பிடித்தது போன்ற மஞ்சள் கறை. கறுப்பு இருக்கிறது, ஆனால் கல்லில் அல்ல, மழைநீர் வழிந்து வழிந்து பாசி காய்ந்துபோன தடத்தில்.

ஆகவே கறுப்புப் பூச்சின்மேல் முதலில் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு வண்ணத்தோடு சிறிது வெள்ளை சேர்த்து, மூட்டுகளை மட்டும் விட்டு எல்லாவற்றையும் மூடினேன். அது உலர்ந்ததும் பாத்திரம் தேய்க்கும் பஞ்சில் ஒரு துண்டைப் பிய்த்து, நான்கு நிறங்களைத் தனித்தனியாகத் தொட்டு, ஒன்றன்மேல் ஒன்று படும்படி ஒற்றினேன். பிறகு சில கற்களை மட்டும் தேர்ந்து தூரிகையால் தனி நிறம் கொடுத்தேன். அடுத்தடுத்த இரண்டு கற்களுக்கு ஒரே நிறம் வராமல் பார்த்துக்கொள்வதோடு சரி, அதற்குமேல் திட்டம் போட்டால் சதுரங்கப் பலகையாகிவிடும்.

அதன்பின் நீர்த்த கறும்பழுப்பு வண்ணத்தை மூட்டுகளில் ஓடவிட்டேன். இந்த ஈரக் காற்றில் அது உலர நேரம் எடுத்துக்கொண்டதால், கற்களின் நடுவே குளம் வற்றிய கரை போல வளையங்கள் விழுந்தன. முதல் துண்டில் அவற்றின்மேல் மீண்டும் பஞ்சால் ஒற்றி மறைக்க வேண்டியதாயிற்று; மற்றவற்றில் ஈரமாக இருக்கும்போதே தூரிகையால் தேங்கலை உறிஞ்சி எடுத்துவிட்டேன்.

கடைசி வேலை ட்ரை பிரஷ். அகலமான பழைய தூரிகையில் வெளிறிய எலும்பு நிறத்தைத் தொட்டு, ஏறக்குறைய எல்லாவற்றையும் கந்தல் வேட்டியில் துடைத்துவிட்டு, எஞ்சியதை மட்டும் மேலிருந்து கீழாக வருடினால் விளிம்புகள் மட்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்கின்றன. உள்ளங்கையில் இழுத்துப் பார்த்து, ரேகைகளில் மட்டும் பட்டால் சரி. இங்கே கையை நிறுத்துவதுதான் கடினம். இரண்டாவது துண்டை அழகுபடுத்தப் போய் மாவு தூவியது போல ஆக்கிவிட்டேன்.

நவம்பர் 9, ஞாயிறு

நான் செஞ்சியில் பார்த்த இடங்களில் மதிலின் உச்சியில் உள்ள மார்புச்சுவர் கல்லல்ல, செங்கல் கட்டிச் சுண்ணாம்பு பூசியது. அதனால் வளைவு நிமிர்ந்த அந்தப் பட்டைகளின்மேல் சுவர்ப் பட்டியை மெல்லியதாகத் தடவி, சில இடங்களில் பெயர்த்து, உள்ளே செங்கல் கோடுகளைக் கீறினேன். சுண்ணாம்புக்கு மங்கிய வெள்ளை, செங்கல்லுக்குக் காவி. மார்புச்சுவரின் இடைவெளிகளுக்கு நேர்கீழே, தண்ணீர் வழியும் இடங்களில் மட்டும், நீர்த்த கறுப்பைச் செங்குத்தாக இழுத்துவிட்டேன். மதிலுக்கு வயது வந்தது இந்தக் கறுப்புத் தாரைகளால்தான்.

மேட் வார்னிஷ் டப்பா ஸ்பிரேயாக இருந்தது. ஈரக் காற்றில் அடித்தால் வெண்மையாகப் பூத்துவிடும் என்பதால் அதைத் தொடவில்லை. தூரிகையால் பூசும் வகையை வாங்கி வந்தேன். அக்டோபர் 19ஐ இன்னும் மறக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

நண்பர் வந்திருந்தார். நான்கு துண்டுகளையும் மூலையையும் மேசையில் வைத்து, மேல்நடையில் சிப்பாய்களை நிறுத்தினோம். அடித்தட்டுகள் இடிக்காமல் நின்றன. ஏணியைச் சாய்த்தபோதுதான் அது 100 மி.மீ.க்குச் செய்தது என்பது தெரிந்தது. மார்புச்சுவரையும் சேர்த்தால் 125 மி.மீ. ஆகிறது. பிரெஞ்சுக்காரர்கள் பாதியில் தொங்குகிறார்கள். நண்பர் உருகிய இடத்தைத் தேடினார், கண்டுபிடிக்க முடியவில்லை. ஆப்புத் துளைகளை மட்டும் தாமாகவே பார்த்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் குனிந்தார்.

மாவு தூவிய இரண்டாம் துண்டை, செஞ்சிக் கோட்டையின் மலைகளில் ஒன்றான ராஜகிரியின் பக்கம், அவருக்கு முதுகு காட்டும்படி வைத்திருந்தேன். ஏணிகளுக்கு மூங்கில் குச்சி வாங்க வேண்டும்.