ஒன்டாரியோவில் ரியல் எஸ்டேட் பாஸ் பண்ணியாச்சு, எந்த புரோக்கரேஜில் சேர்வது?

வீடு வாங்கி விற்க உதவும் முகவராவதற்கு நான் ஹம்பர் கல்லூரியில் படித்தேன். கடைசி சிமுலேஷனையும் (நிஜ டீல் போலவே செய்து பார்க்கும் பயிற்சி) தாண்டியதும் எல்லாம் முடிந்த மாதிரி இருந்தது. ஆனால் ஒன்டாரியோவில் ஒரு புரோக்கரேஜ், அதாவது முகவர்கள் வேலை செய்யும் நிறுவனம், சேர்த்துக்கொண்டால்தான் முகவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான ரெக்கோவில் பதிவு செய்து தொழிலில் இறங்கலாம். கமிஷனும் அவர்கள் வழியாகத்தான் கைக்கு வரும்.

பரீட்சை முடிந்த கையோடு புரோக்கரேஜ்களிடமிருந்து அழைப்புகள் வரும். எல்லோரும் முதலில் பேசுவது ஸ்பிளிட், அதாவது கமிஷனில் உங்களுக்கு எவ்வளவு, அவர்களுக்கு எவ்வளவு என்ற பங்கு. 8 லட்சம் டாலர் வீட்டில் வாங்குபவர் தரப்பு முகவருக்குக் கமிஷன் 2.5 சதவீதம் என்றால் 20,000 டாலர். 70/30 இடத்தில் உங்களுக்கு 14,000, 95/5 இடத்தில் 19,000. ஆசை வரத்தான் செய்யும். சரி, அந்த முதல் டீல் எப்போது வரும்? மாதக்கணக்கில் ஒன்றும் அமையாமல் போவது புதியவர்களுக்குச் சகஜம். அப்போதும் டெஸ்க் ஃபீ (புரோக்கரேஜுக்குக் கட்டும் கட்டணம்) ஓடிக்கொண்டே இருக்கும், ரியல் எஸ்டேட் போர்டு என்ற முகவர் சங்கத்தின் சந்தா வேறு. அதனால் ஒரு டீலும் இல்லாத மாதத்தில் எவ்வளவு கட்ட வேண்டும் என்று முதலில் கேளுங்கள்.

நான் போன இடமெல்லாம் கேட்டது இது: வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஆஃபர் எழுதுகிறேன், கெடு 11:59. ஃபைனான்சிங் கண்டிஷனை (கடன் கிடைத்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனை) எப்படி எழுதுவது என்று சந்தேகம். யார் போனை எடுப்பார்கள்? ஓரிடத்தில் "வாட்ஸ்அப் குரூப் இருக்கே" என்றார்கள். இன்னோரிடத்தில் மேனேஜர் தன் எண்ணையே எழுதிக் கொடுத்தார். அவர் சொந்தமாக வீடு விற்பதில்லை, முகவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. மேனேஜரும் வீடு விற்பவராக இருந்தால் அதே வெள்ளி இரவு அவரும் ஓர் ஆஃபரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். ஸ்பிளிட் குறைவுதான், ஆனாலும் நான் அங்கேதான் சேர்ந்தேன்.

புரோக்கரேஜுக்குள் சில முகவர்கள் சேர்ந்து நடத்தும் டீமில் சேர்ந்தால் வாடிக்கையாளர்கள் சீக்கிரம் கிடைப்பார்கள், ஆனால் டீம் தலைவருக்கும் ஒரு பங்கு போகும். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் நம் ஆட்கள் நடத்தும் அலுவலகங்களுக்குக் குறைவில்லை. ஊர்க்காரர், சித்தப்பாவின் சிநேகிதர் என்று கூப்பிடுவார்கள். போங்கள், தப்பில்லை. ஆனால் கட்டண விவரத்தைக் கூச்சப்படாமல் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

அப்புறம், புரோக்கரேஜிலிருந்து விலகினால் என்ன ஆகும் என்பது. லிஸ்டிங் ஒப்பந்தம், அதாவது வீட்டை விற்றுத் தரும் பொறுப்பைக் கொடுக்கும் ஒப்பந்தம், விற்பவருக்கும் புரோக்கரேஜுக்கும் இடையில் போடுவது. நீங்கள் தேடிப் பிடித்த லிஸ்டிங்காக இருந்தாலும் அவர்கள் விட்டுக்கொடுத்தால்தான் உங்களோடு வரும். புரோக்கரேஜ் உங்களோடு போடும் ஒப்பந்தப் படிவத்தை முன்கூட்டியே அனுப்பச் சொல்லி, விலகுவது பற்றிய பகுதியைப் படித்துப் பாருங்கள். "சேரும் அன்று தருகிறோம்" என்றவர்களிடம் நான் திரும்பிப் போகவே இல்லை.