கதவில் ஒட்டிய நோட்டீஸ்

பாலக்காட்டில் ஒரு வக்கீலிடம் 19 வருடமாகக் குமாஸ்தாவாக இருக்கிறேன். வீடு கொழிஞ்சாம்பாறையில். எங்கள் பக்கம் பேச்சு தமிழ், காகிதமெல்லாம் மலையாளம். அதனால் யார் வீட்டுக்கு என்ன காகிதம் வந்தாலும் சாயந்திரம் என் திண்ணைக்கு வந்துவிடும்.

அப்படித்தான் தையல் வேலை செய்யும் அந்த அக்கா வந்தார். "அண்ணா, கதவுல ஒட்டிட்டுப் போயிருக்காங்க, என்னன்னு படிச்சுச் சொல்லுங்க" என்றார். ஜப்தி நோட்டீஸ். அக்கா வாடகைக்கு இருந்த வீட்டை அடமானம் வைத்து, போர்வெல்லுக்கும் தென்னைக்கும் வாங்கிய கடனை வீட்டின் சொந்தக்காரரால் கட்ட முடியவில்லை. அடமானச் சொத்தை பாங்க் தானே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002ஆம் வருடத்து சர்ஃபேசி சட்டப்படி பாங்க் முதலில் கொடுக்கும் 60 நாள் நோட்டீஸ் கடன் வாங்கியவருக்குத்தான் போகும். வாடகைக்கு இருப்பவருக்கு விஷயம் தெரிவது பெரும்பாலும் கதவில் ஒட்டும்போதுதான். வாடகையை ஒரு மாதம்கூடத் தவறவிடாதவர் அவர். ராத்திரியே சாமானைக் கட்டிவிடுவதா என்று கேட்டார்.

கட்ட வேண்டாம் என்றேன். மறுநாள் வக்கீல் கேட்ட முதல் கேள்வி: "வாடகை முதலா, கடன் முதலா?" இந்த விவகாரத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. கடனுக்கு முன்பே முறையாகத் தொடங்கிய வாடகை என்றால், அது சட்டப்படி முடியும்வரை பாங்க் நேரடியாக வெளியேற்ற முடியாது. 2014இலும் 2016இலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. அந்தச் சட்டத்தில் 2016இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கடன் வசூல் தீர்ப்பாயமே வாடகைக்காரரின் உரிமையை விசாரிக்கலாம். எங்களுக்கு அது எர்ணாகுளத்தில். பாங்க் நடவடிக்கை எடுத்த நாளிலிருந்து 45 நாளுக்குள் மனு போட வேண்டும். சொந்தக்காரரைக் கேட்போம், அப்புறம் பார்ப்போம் என்று இந்த 45 நாளைத் தொலைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அக்காவின் வாடகை கடனுக்கு இரண்டு வருடம் முந்தியது. ஆனால் கையில் இருந்தது ஒரே ஒரு 11 மாத அக்ரிமெண்ட். அப்புறம் எல்லாம் வாய்ப்பேச்சு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் 11 மாதம். 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவுப் பத்திரம் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் உரிமை கோர முடியாது. இப்படிப்பட்ட 11 மாதப் பத்திரங்களை நானே நூற்றுக்கணக்கில் டைப் அடித்திருக்கிறேன். அது யாரைக் கைவிடும் என்று அன்றுவரை யோசித்ததில்லை. அதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

மனு ஜெயிக்காது என்று வக்கீல் ஒளிக்காமல் சொன்னார். வீட்டைக் கைப்பற்ற கோர்ட் நியமிக்கும் அட்வகேட் கமிஷனர் போலீசோடு வரும்வரை காத்திருக்காமல் பாங்க் அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினோம். அக்ரிமெண்ட், கரண்ட் பில், வாடகை கட்டிய ரசீதுகள் எல்லாம் சேர்த்து, பிள்ளைகளின் முழுப் பரீட்சை முடியும்வரை டைம் கேட்டோம். அந்த அதிகாரி நல்ல மனிதர், எழுத்திலேயே கொடுத்தார். அட்வான்ஸ் 50,000 ரூபாய் பாங்கின் பொறுப்பில்லை. அதை வாடகையில் கழித்துக்கொள்ள வீட்டுக்காரரிடம் எழுதி வாங்கினோம். அதில் பாதிதான் கழிந்தது. மீதியைக் கேட்டுப் போனபோது அவர் அழுதுவிட்டார். அக்கா பேசாமல் திரும்பி வந்தார்.

அடுத்த வீடு வேலந்தாவளம் ரோட்டில். இந்தத் தடவை குடிக்கடம், அதாவது வில்லங்கச் சான்று, போட்டுப் பார்த்தோம். பத்திரத்தைப் பாங்கில் வெறுமனே ஒப்படைத்து வாங்கும் கடன் அதில் தெரியாமல் போகலாம் என்பதால் அடமானக் கடன்களைப் பதிந்து வைக்கும் செர்சாய் என்ற மத்தியப் பதிவேட்டிலும் தேடினோம். மூன்று வருடத்துக்குப் பதிவுப் பத்திரம் கேட்டதும் புது வீட்டுக்காரருக்கு முகம் சுருங்கியது. "ஒரு வாடகைக்கு இவ்வளவு எதுக்கும்மா?" என்றார். அக்கா பையிலிருந்து பழைய நோட்டீஸை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் நின்றபடியே முழுசும் படித்தார். "சரி, எப்ப ரெஜிஸ்டர் ஆபீஸ் போகணும்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.