பிஎல்சியும் எடைக்கருவியும்: ஒரு ஆர்எஸ்-485 இணைப்பின் நாட்குறிப்பு

மார்ச் 3

கலவைத் தொட்டியின் எடைக்கருவி, ஆர்எஸ்-485 என்ற இரு கம்பித் தொடர் இணைப்பு வழியே, மோட்பஸ் ஆர்டியூ என்ற கேள்வி-பதில் முறையில், பிஎல்சிக்கு (ஆலையை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு) எடையைத் தர வேண்டும். சில வாசிப்புகள் சரியாக வருகின்றன. சில டைம் அவுட் ஆகின்றன, அதாவது குறித்த நேரத்துக்குள் சரியான பதில் கிடைப்பதில்லை. கேள்வி போய்ச் சேரவில்லையா, பதில் கிளம்பவில்லையா, கிளம்பிய பதில் வழியில் சிதைந்ததா என்பதை டைம் அவுட் என்ற பிழைச்செய்தி ஒருபோதும் சொல்லாது. எனவே நிரலைத் தொடாமல் கம்பியிலிருந்து தொடங்கினோம்.

ஏ, பி என்ற முனைப் பெயர்களை எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே பொருளில் இடுவதில்லை என்றாலும், இடையிடையே சரியான பதில் வருவதே முனைகள் இடம் மாறவில்லை, வேகமும் பாரிட்டியும் (பிழை காட்டும் கூடுதல் பிட்) பொருந்துகின்றன என்பதற்குப் போதுமான சான்று. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரு கம்பிகளுக்கிடையே மின்தடையை அளந்தபோது 40 ஓம் காட்டியது. அலை எதிரொலிக்காதிருக்க இரு கோடிகளிலும் இடும் 120 ஓம் டெர்மினேஷன் மின்தடைகள் மட்டும் இருந்தால் 60 ஓம் அல்லவா வர வேண்டும்? நடுவிலிருந்த கருவி ஒன்றின் டெர்மினேஷன் சுவிட்சும் போடப்பட்டிருந்தது. அதை அணைத்ததும் 60 ஓம் வந்தது. பிழைகள் குறைந்தன, நிற்கவில்லை.

மார்ச் 4

மடிக்கணினியை ஒட்டுக்கேட்க மட்டும் கம்பியில் இணைத்தோம். பிஎல்சி அனுப்பும் 01 03 00 00 00 02 சி4 0பி (பதினாறடிமான எண்கள்; முதல் பைட் கருவியின் முகவரி) என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் முழுமையாகவே இருந்தது. பதிலில்தான் கோளாறு: 01 என்று தொடங்க வேண்டிய முதல் பைட் அவ்வப்போது வேறொன்றாக மாறியிருந்தது, மற்றவை பழுதின்றி இருந்தன. இரைச்சல் என்றால் சிதைவு எங்கு வேண்டுமானாலும் விழுந்திருக்கும். முதல் பைட்டில் மட்டும் விழுவது நேரக் கோளாற்றின் அடையாளம்.

மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் அதை உறுதி செய்தது. கடைசி பிட்டை அனுப்பிய பிறகும் பிஎல்சியின் தொடர்பு அட்டை சிறிது நேரம் கம்பியை விடாமல் பிடித்திருக்க, அதற்குள் எடைக்கருவி பேசத் தொடங்கிவிடுவதால், இரு கருவிகளும் ஒன்றையொன்று எதிர்த்து அலையின் உயரம் சுருங்கிப்போவது திரையில் தெளிவாகத் தெரிந்தது. வினாடிக்கு 9600 பிட் வேகத்தில், ஓர் எழுத்துக்கு 11 பிட் என்ற கணக்கில், செய்திகளுக்கிடையே மோட்பஸ் கேட்கும் மூன்றரை எழுத்து அமைதி ஏறத்தாழ 4 மில்லிவினாடி. கருவியிலோ பதில் தாமதம் சுழியம் என்று இருந்தது. அதை 20 மில்லிவினாடியாக மாற்றியதும் டைம் அவுட் நின்றது.

மார்ச் 6

100 கிலோ சோதனை எடையை வைத்தால் கருவி 100.0 என்கிறது; பிஎல்சி ஏறக்குறைய சுழியம் என்கிறது. ரெஜிஸ்டர்களில் (16 பிட் நினைவிடங்கள்; ஒவ்வொன்றும் ஒரு ‘சொல்’) இருந்தவை 0000, 42சி8. பின்ன எண்களுக்கான 32 பிட் மிதவைப் புள்ளி வடிவில் 100 என்பது 42சி8 0000. ஆகவே இரு சொற்களும் வரிசை மாறி வருகின்றன. நிரலில் இடம் மாற்றியதும் சரியானது.

மார்ச் 7

வேண்டுமென்றே கேபிளைப் பிடுங்கிப் பார்த்தோம். பிஎல்சி கடைசி எடையையே உண்மை என்று வைத்துக்கொண்டிருந்தது. கலவைப் பணியில் இது ஆபத்து, தொட்டி நிரம்பி வழிந்தாலும் வால்வு மூடாது. தொடர்ந்து மூன்று வாசிப்புகள் தவறினால் எடையைச் செல்லாததாகக் குறித்து வால்வை மூடும்படி நிரலில் சேர்த்து, ஓடும்போதே மறுபடி பிடுங்கினோம். வால்வு மூடியது.