அப்பம்மாட தேத்தண்ணிப் பாட்டு

அப்பம்மாக்கு ஸ்ட்ரோக் வந்து ரெண்டு கிழமையா ஒரு சொல்லும் வரேல்ல. நாங்க கதைக்கிறதெல்லாம் அவவுக்கு விளங்குது, கண்ணப் பார்த்தாத் தெரியும், ஆனா வாயத் திறந்தா "ம்ம்" மட்டும்தான், உடன கண் கலங்கிடும். வலக்கையும் வழங்கேல்ல.

ஒரு வெள்ளிக்கிழமை விடிய விளக்கேத்திப்போட்டு திருகோணமலைக் கோணேசர் மேல சம்பந்தர் பாடின தேவாரப் பதிகத்த மெல்லமாப் பாடிக்கொண்டிருக்கிறன், பின்னால கட்டில்ல இருந்து இன்னொரு குரல் சேருது. "குரைகடல் ஓதம்" எண்டு ஒரு எழுத்துப் பிசகாம அப்பம்மா! எனக்கு அழுகை வந்து தொண்டை அடைச்சிட்டுது, அவ நிப்பாட்டேல்ல, முழுக்கப் பாடி முடிச்சவ.

ஸ்பீச் தெரபி மிஸ்தான் பிறகு விளங்கப்படுத்தினவ. கனபேருக்கு பேச்சு மூளையின்ட இடப்பக்கத்திலயாம், பாட்டுக்கு ரெண்டு பக்கமும் வேலை செய்யுமாம், அதால இடப்பக்கம் அடிபட்டு பேச்சுப் போனாலும் சிலருக்கு பாட்டு தப்பிடும். இத வச்சு 1973ல அமெரிக்காவில ஒரு பயிற்சியே கொண்டுவந்தவையாம், சின்னச் சின்ன வசனத்த ஏத்த இறக்கத்தோட பாடி, இடக்கையால ஒவ்வொரு அசைக்கும் தட்டோணும். எல்லாருக்கும் சரிவராது எண்டும் சொன்னவ.

தட்டிப் பாடுறதெண்டா எங்களுக்கென்ன புதுசா? சின்னனில பின்னேரம் திருகோணமலை டச் பே கடற்கரை மணல்ல இருந்து அப்பம்மா தொடையில தாளம் போட, நான் அலைச் சத்தத்துக்கு மேலால சரளி வரிசை கத்துவன். வட இலங்கை சங்கீத சபை சோதினை மூண்டாம் தரத்தோட, பள்ளிக்கூட ஓஎல் சோதினை வருதெண்டு சங்கீதத்த விட்டிட்டன். அவ ஏசேல்ல, பதிகத்த மட்டும் விடாத பிள்ளை எண்டவ. சம்பந்தர் இஞ்ச வராமலே இராமேஸ்வரத்தில நிண்டு பாடின பதிகமெண்டு சொல்லுவினம், 7ஆம் நூற்றாண்டு, அவர் பாடின அந்தக் கடல் இண்டைக்கும் கோணமலைக்குக் கீழ அடிச்சுக்கொண்டுதான் கிடக்கு. அண்டைக்கு நான் அதையும் விட்டிருந்தா? நினைக்கவே நெஞ்சு பதறுது.

இப்ப ஒவ்வொரு நாளும் முதல்ல பதிகம், பிறகு "தேத்தண்ணி தா". மேல ஒருக்கா, கீழ ஒருக்கா, அவட இடக்கையப் பிடிச்சுத் தட்டித் தட்டி. முதல்ல என்னோட சேர்ந்துதான் வந்தது, பிறகு நான் தொடங்க அவ முடிச்சவ.

நேற்று குசினியில நிக்கிறன், கட்டில் சட்டத்தில தட்டுற சத்தம். "தேத்தண்ணி தா." தனியா, தானாவே. தேத்தண்ணிக்கு தண்ணி வைக்க ஓடுறன், பின்னால திரும்பவும் அதே மெட்டில, நாங்க பழக்காத ஒரு சொல்: "இஞ்சி போட்டு."