மடையான் பறவையை எப்படி வரைவது?

நேற்று ராத்திரி கரண்ட் இல்லை. போனில் சார்ஜ் இருந்தவரைக்கும் பறவை ஓவியம் பார்த்துக்கொண்டிருந்தேன். எலிசபெத் க்வில்லிம் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, 1801இல் மெட்ராஸுக்கு வந்து, 1807இல் அங்கேயே இறந்துபோனவர். நீர்வண்ணத்தில் 120க்கும் மேற்பட்ட பறவைகள். இப்போது கனடாவில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. செத்த பறவைக்குப் பஞ்சடைத்து வைத்து வரைந்த காலத்தில், இவர் உயிரோடு கொண்டுவரச் சொல்லிப் பார்த்து வரைந்தார். இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது. அதே வருஷங்களில் நம் தஞ்சாவூரில் சரபோஜி மன்னரும் ஓவியர்களை வைத்துப் பறவை, மிருகங்களை வரையவைத்தார். அதைப் பற்றி நாமே அதிகம் பேசுவதில்லை, அது வேறு வருத்தம்.

பக்கத்தில் படுத்திருந்த அப்பாயி எட்டிப் பார்த்தது. நீளக்கால் பறவை ஒன்று.

"ஏன்டா, இது சும்மா நிக்கிதே. நம்ம மடையான வரையச் சொல்லு பாப்பம்."

நியாயமான கேள்விதான். நடவு வயலில் மடையான் உட்கார்ந்திருந்தால் சேறும் அதுவும் ஒரே நிறம், கண்ணுக்கே தெரியாது. வரப்பில் கால் வைத்ததும் கிளம்பும் பாருங்கள், சிறகு அத்தனையும் வெள்ளை! நீர்வண்ணத்தில் வெள்ளைக்குப் பெரும்பாலும் தாளைத்தான் அப்படியே விடுவார்கள். சேற்றைப் பூசிவிட்டு வெள்ளையை எங்கே ஒளித்துவைப்பது?

காலையில் மகளின் கலர் பெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். வந்தது கொக்கு மாதிரி இருக்கிறதாம். அப்பாயி சிரிப்பை இன்னும் நிறுத்தவில்லை.