எந்த ஊர் எண்ணெய் என்று கேட்டார்கள்

சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன ஷெட் இருக்கிறது. பேஸ் ஆயில் (என்ஜின் ஆயிலுக்கு அடிப்படையான எண்ணெய்) வாங்கி, தரம் கூட்டும் அடிட்டிவ் கலந்து லாரிக்கு என்ஜின் ஆயில், கியர் ஆயில் போடுகிறோம். வாடிக்கை பெரும்பாலும் சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள். பல வருடமாகச் சென்னை வியாபாரிகளிடம் பேரல் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்தவன், 2023ல்தான் நேரடியாக இறக்குமதி செய்து பார்க்கலாம் என்று இறங்கினேன். இந்தியாவும் அமீரகமும் 2022 பிப்ரவரியில் கையெழுத்திட்ட செபா என்ற வர்த்தக ஒப்பந்தம் அந்த வருடம் மே 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது, அதை வைத்துச் சுங்க வரியில் சலுகை கேட்கலாம் என்று கஸ்டம்ஸ் புரோக்கர் சொன்னார். ஒரு ஃபிளெக்ஸிடேங்க் நிறைய எஸ்என் 500 என்ற பேஸ் ஆயில் ரகத்தை ஆர்டர் போட்டேன். இருபதடிக் கன்டெய்னருக்குள் விரித்துப் போட்ட பெரிய பைதான் ஃபிளெக்ஸிடேங்க், கிட்டத்தட்ட 21 டன் பிடிக்கும்.

இறக்குமதி செய்யத் தேவையான ஐஇசி பதிவு எண் எடுப்பது சுலபம். ஆன்லைனில் ₹500 கட்டினால் நம் பான் எண்ணே ஐஇசி எண்ணாக வந்துவிடும். வருடா வருடம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும், விட்டால் எண் முடங்கிப்போகும். சுங்கத்துக்குக் கொடுக்கும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியையும் சரக்கு வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளே போட்டுவிட்டோம். தாமதமானால் முதல் மூன்று நாள் தினம் ₹5,000, அப்புறம் தினம் ₹10,000.

கன்டெய்னர் வந்ததும் முதலில் சாம்பிள் எடுத்தார்கள். டீசலை எல்லோரும் இறக்கிவிட முடியாது, அரசு எண்ணெய் நிறுவனங்களும் தனி அனுமதி பெற்றவர்களும்தான் இறக்கலாம். அதனால் பேஸ் ஆயில் என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது நிஜமாகவே அதுதானா என்று பார்க்கிறார்கள். நான் பக்கத்திலேயே நின்றேன். வால்வைத் திறந்ததும் வெளிர்த் தேன் நிறத்தில் நூல் பிடித்தது போல இறங்கியது, பாட்டில்களை நிரப்பி மூடிமேல் அரக்கு வைத்து முத்திரை போட்டார்கள். 1934ம் வருடத்துப் பெட்ரோலியம் சட்டம் தீப்பற்றும் வெப்பநிலையை வைத்து ஏ, பி, சி என்று பிரிக்கிறது. 93 டிகிரியும் அதற்கு மேலும் என்றால் மூன்றுக்கும் வெளியே. எஸ்என் 500க்கு அது 200ஐத் தாண்டும், அதனால் ஆய்வுக்கூட முடிவு வந்ததும் டீசலோ என்ற அந்தச் சந்தேகம் தீர்ந்தது.

அப்புறம்தான் பெரிய கேள்வி வந்தது. இது எந்த ஊர் எண்ணெய்?

என்னிடம் அமீரகம் என்று சீல் வைத்த பிறப்பிடச் சான்றிதழ் இருந்தது. அது போதும் என்றே நினைத்திருந்தேன். புரோக்கர்தான் போனில் சொன்னார், “அண்ணே, சுங்கச் சட்டம் 28டிஏ பிரிவைப் படிச்சுப் பாருங்க, சர்டிபிகேட் கொடுத்துட்டதால உங்க பொறுப்பு முடியாது.” படித்தேன், அப்படியேதான் இருக்கிறது. 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் கரோட்டார் என்ற பிறப்பிட விதிகளின்படி, சரக்கு அந்த நாட்டில் எப்படித் தயாரானது, மூலப்பொருள் எங்கிருந்து வந்தது என்ற விவரமெல்லாம் படிவம் 1ல் நம் கையில் இருக்க வேண்டும். கேட்டால் பத்து வேலை நாளுக்குள் கொடுக்க வேண்டும், ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருக்கவும் வேண்டும். மல்கோவாவை எங்கிருந்தோ கொண்டுவந்து சேலம் பெட்டியில் அடுக்கினால் அது சேலத்து மாம்பழம் ஆகுமா? அதே கேள்விதான் இங்கேயும். வேறு நாட்டு எண்ணெயை அங்கே வெறுமனே கலந்து அனுப்பினால் அது அமீரகத்துச் சரக்கு ஆகிவிடாது.

சப்ளையருக்கு எழுதினால் இன்வாய்ஸையே திருப்பித் திருப்பி அனுப்பினார்கள். பத்து நாளில் பாதி விவரம்தான் கிடைத்தது. அதிகாரிக்கு அது போதவில்லை, சரிபார்க்கச் சொல்லி அமீரகத்துக்கு எழுதிவிட்டார்கள். அதுவரை சரக்கை விடுவிக்கச் சலுகையால் குறையும் வரித் தொகைக்குப் பிணையம் கேட்டார்கள், வங்கி உத்தரவாதம் கொடுத்து எடுத்தேன். இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18% எப்படியும் கட்டத்தான் வேண்டும், ஒப்பந்தம் அதைத் தொடாது. ஆனால் அது கிரெடிட்டாகத் திரும்பி வரும் பணம்.

வங்கியில் இன்னொரு படலம். கப்பல் பெயர், அதன் ஐஎம்ஓ எண் (கப்பலின் அடையாள எண்), எந்தத் துறைமுகத்தில் ஏற்றியது எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார் மேலாளர் அம்மா. ஒரு கன்டெய்னர்காரனிடம் இதெல்லாம் எதற்கு என்று கேட்டேன். “சார், நீங்க அனுப்புறது டாலர். அது அமெரிக்க வங்கி வழியாத்தான் போகும். எண்ணெய்ல ஈரான் சரக்கு கலந்திருந்தா பணம் நடுவுலயே நின்னுடும்” என்றார். வளைகுடாவுக்கு இந்தப் பக்கம் அமீரகம், அந்தப் பக்கம் ஈரான். 2018 மே மாதம் அமெரிக்கா ஈரானுடனான அணுசக்தி உடன்பாட்டிலிருந்து விலகித் தடையைத் திரும்பக் கொண்டுவந்தது, ஈரான் எண்ணெய் வாங்க இந்தியாவுக்குக் கொடுத்திருந்த விலக்கும் 2019 மே 2ம் தேதியோடு முடிந்தது. ஈரானிடம் நிறைய வாங்கிக்கொண்டிருந்த நம் நாடே நிறுத்திக்கொண்டது என்றால் நானெல்லாம் எம்மாத்திரம்! 2023 ஜூலையில் ரிசர்வ் வங்கியும் அமீரக மத்திய வங்கியும் ரூபாய், திர்ஹாமிலேயே கொடுக்கல் வாங்கல் செய்ய உடன்பாடு போட்டன, அடுத்த மாதமே இந்தியன் ஆயில் 10 லட்சம் பேரல் கச்சா எண்ணெய்க்கு ரூபாயில் பணம் கட்டியது. நானும் கேட்டுப் பார்த்தேன், என் கிளைக்கு அந்த வழி இன்னும் வந்து சேரவில்லை.

உத்தரவாதம் விடுபட நாலு மாதத்துக்கு மேல் ஆனது. அந்தத் தொகை முடங்கியதில் இரண்டு லாரிக்காரர்களுக்குக் கடனில் சரக்கு கொடுக்க முடியாமல் போனது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இரண்டாவது முறை சப்ளையரையே மாற்றினேன். முன்பணம் அனுப்பும் முன்பே சுத்திகரிப்பு ஆலையின் பெயர், மூலப்பொருள் வந்த நாடு, தயாரிப்பு முறை மூன்றையும் எழுத்தில் வாங்கிப் படிவம் 1ஐ நிரப்பி வைத்துக்கொண்டேன். ஒருவர் தர மறுத்தார், அவரிடம் வாங்கவில்லை. இந்தத் தடவை கேள்வி வந்த அன்று மாலையே பதில் போட்டோம், மூன்றாம் நாள் கன்டெய்னர் ஷெட்டுக்கு வந்துவிட்டது. ஃபைல் பீரோவில்தான் இருக்கிறது. நம் பக்கத்து ஆட்கள் யாராவது இறக்குமதி செய்யப் போகிறீர்கள் என்றால் ஆர்டர் போடும் முன் ஷெட்டுக்கு ஒரு நடை வாருங்கள், எடுத்துக் காட்டுகிறேன்.