மலையோடை தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளுமா?

மலையோடை பாறைகளில் மோதி நுரைத்து ஓடுவதைப் பார்த்துவிட்டு, அதில் எதைக் கலந்தாலும் சிறிது தூரத்தில் தானாகவே தூய்மையாகிவிடும் என்று விவரம் அறிந்தவர்களே சொல்வதைக் கேட்டு வருந்தியிருக்கிறேன். அந்தக் குதிப்பில் காற்றிலுள்ள ஆக்சிஜன் நீரில் கலப்பது மெய்தான். ஆனால் உயர்ந்த மலைகளில் பனி உறைந்து கிடக்கும் மாதங்களில்தான் ஓடையின் நீரோட்டம் மிகவும் குறைகிறது. பனிச்சறுக்குக்கு வருவோரால் விடுதிகள் நிரம்பிக் கழிவுநீர் பெருகுவதும் அதே மாதங்களில்தான். அந்த வாரங்களை வைத்தே ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நிலையத்துக்குள்ளும் அப்போது நிலைமை கடினம். கரிமக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் குளிரை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுபவையோ இயல்பிலேயே மெதுவாகப் பெருகுபவை. நீரின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் மேலும் மந்தமாகிவிடும். அவை பெருகுவதற்குள், நுண்ணுயிர்கள் திரண்ட சேறான கசட்டை வெளியேற்றிக்கொண்டே இருந்தால், தொட்டியில் அவற்றின் இனமே அற்றுப்போகும். ஆகவே குளிர் வருவதற்கு முன்பே கசட்டைக் குறைவாக எடுத்து, தொட்டியில் நெடுநாள் தங்கவிட வேண்டும். இதில் தவறினால் அம்மோனியா ஓடைக்குப் போய்விடும். டிரவுட் போன்ற குளிர்நீர் மீன்களுக்கு அது நஞ்சு.

குளிரின் விளைவைக் கண்ணாலும் காணலாம். இந்த நுண்ணுயிர்கள் வாழும் காற்றூட்டத் தொட்டியின் நீரை ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் எடுத்து, 30 நிமிடம் அசைக்காமல் வைப்பது நிலையங்களில் வழக்கமான சோதனை. பழுப்புத் துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரைபோல் கீழே இறங்க, மேலே தெளிந்த நீர் நிற்கும். 5 டிகிரி நீரின் பாகுத்தன்மை 20 டிகிரி நீருடையதைப்போல ஒன்றரை மடங்கு என்பதால், குளிரில் அந்தத் திரை தயங்கித் தயங்கியே இறங்கும். கோடையில் போதுமானதாக இருந்த படிவுத் தொட்டி குளிர்காலத்தில் கசட்டை வெளியே விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏரிகளுக்கு இன்னும் கடுமையான பாதுகாப்பு தேவை, ஏனெனில் அங்கே சேரும் பாஸ்பரஸும் நைட்ரஜனும் பாசிக்கு உணவாகித் தங்கிவிடுகின்றன. அமெரிக்காவில் 1,897 மீட்டர் உயரத்திலுள்ள தாஹோ ஏரியின் படுகையிலிருந்து, சுத்திகரித்த கழிவுநீரையும்கூட 1960களின் பிற்பகுதியிலிருந்து பம்ப் செய்து மலைக்கு அப்பால் அனுப்பத் தொடங்கினார்கள். அப்படியும், நீரின் தெளிவை அளக்க ஏரியில் இறக்கும் வெண்தட்டு 1968இல் சுமார் 31 மீட்டர் ஆழம்வரை தெரிந்தது; இப்போது ஏறத்தாழ 20 மீட்டரிலேயே மறைந்துவிடுகிறது. சாலைகளிலிருந்து மழையும் பனிநீரும் அடித்துவரும் நுண்துகள்களுக்கு இதில் பெரும் பங்குண்டு.

என்னைக் கேட்டால், புதிய தொட்டிகளுக்கு முன்னால் பழைய குழாய்களுக்குச் செலவிட வேண்டும். பனி உருகும் வாரங்களில், ஊரே உறங்கும் அதிகாலை 3 மணிக்கு மேன்ஹோல் மூடியைத் திறந்தால், ஏறக்குறைய வற்றிக் கிடக்க வேண்டிய சாக்கடையில் தெளிந்த, சில்லென்ற நீர் சலசலத்து ஓடுவது தெரியும். அது வீடுகளிலிருந்து வருவதன்று. குழாய் இணைப்புகளின் விரிசல் வழியே புகுந்த பனிநீர். அது நிலையத்தை அடைந்து, தொட்டியைக் குளிர்வித்து, மாதக்கணக்கில் வளர்த்த கசட்டையும் அடித்துக்கொண்டு ஓடையில் இறங்கிவிடுகிறது.